ஒட்டாத லேபிள்

அம்மாவின் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். விரிந்த பாப்பா பழையபடி சுருங்க நாலைந்து மணி நேரம் ஆகும், அதுவரை பக்கத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும், வெயிலில் நிற்கவைக்காதீர்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். ரிப்போர்ட் சாயங்காலம் ஐந்து மணிக்கு. அப்போது மணி பன்னிரண்டு. மதுரை வெயிலில் அம்மாவை எங்கே கொண்டுபோய் உட்காரவைப்பது என்று யோசித்தபடி நடந்தபோதுதான் அந்தக் கல்யாண மண்டபத்தின் வாசலில் ஃபிளெக்ஸைப் பார்த்தேன். பழங்கால நாணயங்கள், தபால்தலைகள், அரிய சேகரிப்புகள். கண்காட்சி மற்றும் விற்பனை. அனுமதி இலவசம்.

"கல்யாண வீடாய்யா?" என்றாள் அம்மா. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, கையில் ஆஸ்பத்திரி ஃபைல்.

"இல்லம்மா. பழைய காசு, ஸ்டாம்பு எல்லாம் வச்சிருப்பாங்க. உள்ள ஏசி இருக்கும்."

"அப்ப சாப்பாடு கிடையாதாக்கும்."

உள்ளே பந்தி நடக்கிற ஹாலில்தான் கடைகள் போட்டிருந்தார்கள். சாப்பாட்டு மேசைகளுக்கு மேல் வெல்வெட் துணி, அதன்மேல் கண்ணாடி மூடி போட்ட தட்டுகள். கிழக்கிந்தியக் கம்பெனிச் செப்புக்காசு, ஓட்டைக் காலணா, நாயக்கர் காலத்துச் சின்னக் காசுகள். 786-ல் முடியும் ரூபாய் நோட்டுகளுக்கு என்று ஒரு மேசை. அதைச் சுற்றித்தான் கூட்டம். ஒரு பெரியவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒரு காசை அரைமணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பாலிதீன் பையில் தாத்தா வைத்திருந்த காசுகளைக் கொட்டி "இது என்ன போகும் சார்?" என்று கடை கடையாகக் கேட்டு, கடை கடையாக முகம் சுருங்கிக்கொண்டிருந்தார். இந்த மாதிரி இடங்களில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடமே அதுதான். பழசு என்பதற்காக ஒன்றுக்கு விலை வந்துவிடாது. லட்சக்கணக்கில் அடித்த காசு எத்தனை பழசானாலும் சல்லிசுதான்.

அம்மாவை ஒரு ஃபேனுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, நான் ஒரு சுற்று வந்தேன்.

*

கடைசி வரிசையில் இரண்டு காலேஜ் பையன்கள் கார்டுக் கடை போட்டிருந்தார்கள். பெரும்பாலும் போகிமான். ஒரு ஓரத்தில் எங்கள் காலத்து ரெஸ்லிங் கார்டுகள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரேங்க், ஹைட், வெயிட், செஸ்ட், பைசெப்ஸ் என்று எண்களைச் சொல்லி, பெரிய எண் வைத்திருப்பவன் மற்றவன் கார்டைப் பிடுங்கிக்கொள்ளும் ஆட்டம். பத்து வயதில் அண்டர்டேக்கர் கார்டுக்காக நான் என் ஜாமெட்ரி பாக்ஸைக் கொடுத்திருக்கிறேன். ரப்பர் பேண்ட் போட்டு டவுசர் பையில் திணித்து, வியர்வையில் ஊறி, மூலையெல்லாம் பிய்ந்து கிடந்த அந்தக் கட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை.

பையன்களில் ஒருவன் ஒரு போகிமான் கார்டை எடுத்துக் காட்டினான். கார்டு என்று சொல்வதைவிட ஒரு கட்டி என்று சொல்லலாம். தடித்த பிளாஸ்டிக்குக்குள் சீல் வைத்திருந்தது, மேலே ஒரு சீட்டு, அதில் 10 என்று எண். "அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடு போட்டது ப்ரோ. பத்துன்னா ஜெம் மின்ட். மூலை, ஓரம், நடு, மேல்பரப்பு எல்லாம் பெர்ஃபெக்ட். பாக்கெட்ல இருந்து பிரிச்சதும் நேரா ஸ்லீவ்ல போட்டிருக்காங்க. யாரும் விளையாடல."

யாரும் விளையாடாத விளையாட்டுச் சீட்டு. அதற்குத்தான் விலை.

வீட்டுக்கு வந்தபிறகு இரவு முழுக்க இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். இந்தச் சீட்டுகள் பிறந்ததே வேறொன்றைக் காப்பாற்றத்தான். 1880-களில் அமெரிக்காவில் சிகரெட்டை மெல்லிய காகிதப் பொட்டலத்தில் விற்றார்கள். சிகரெட் நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். வெறும் அட்டையாக ஏன் போட வேண்டும் என்று அதில் படம் அச்சடித்தார்கள். நடிகைகள், குத்துச்சண்டை வீரர்கள், பேஸ்பால் ஆட்டக்காரர்கள், உலகத்துக் கொடிகள். அப்பா சிகரெட்டைப் பிடிப்பார், பிள்ளை அட்டையைப் பிடிக்கும். இங்கிலாந்தில் வில்ஸ் கம்பெனி 1890-களில் இதைப் பிடித்துக்கொண்டது. இந்தியாவில் இருந்த பட்டாளத்துக்காரர்களுக்கு விற்ற சிசர்ஸ் சிகரெட்டிலும் படச்சீட்டு வந்தது. இரண்டாம் உலகப்போரில் காகிதத் தட்டுப்பாடு வந்ததும், 1940-ல் இங்கிலாந்தில் எல்லாம் நின்றுபோனது. நம் ஊரில் சீட்டு நின்றபிறகும் ஆட்டம் நிற்கவில்லை. காலிப் பெட்டியின் அட்டையையே கிழித்து, இந்த மார்க்குக்கு ஐம்பது, அந்த மார்க்குக்கு நூறு என்று மதிப்பு வைத்து ரோட்டில் வட்டம் போட்டுப் பையன்கள் ஆடினார்கள். என் பெரியப்பா ஆடியிருக்கிறார்.

அமெரிக்காவில் 1909-க்கும் 1911-க்கும் நடுவே வந்த ஒரு சிகரெட் சீட்டு வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் படம் இருந்தது. பிள்ளைகள் படத்துக்காகப் புகையிலை வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்பார்கள், பணம் கொடுக்காததால் மறுத்தார் என்றும் சொல்வார்கள். எப்படியோ, அவர் சீட்டு சீக்கிரமே நிறுத்தப்பட்டது. இன்று மிஞ்சியிருப்பவை ஐம்பது, அறுபதுதான் என்பது கணக்கு. அதில் மிக நல்ல நிலையில் இருந்த ஒன்றை 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு கூட்டாளியோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். அதே வருஷம் தொடங்கிய பி.எஸ்.ஏ என்ற தரம்பார்க்கும் கம்பெனி முதன்முதலாகத் தரம் போட்டுச் சீல் வைத்த சீட்டும் அதுதான். பத்துக்கு எட்டு. இருபத்திரண்டு வருஷம் கழித்து, 2013-ல், அதை முன்பு கைமாற்றிய ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ ஒப்புக்கொண்டார். ஓரம் கூர்மையாகத் தெரிவதற்காக அவரே அதை வெட்டியிருந்தார். உலகத்திலேயே கைபடாத சீட்டு என்று கொண்டாடப்பட்டதில் ஒரு கை இருந்தது. அது கத்தி பிடித்த கை.

1952-ல் டாப்ஸ் கம்பெனி போட்ட மிக்கி மேண்டில் சீட்டின் கதையும் இப்படித்தான். அந்த வரிசையை வடிவமைத்த சை பெர்கர், விற்காமல் கோடவுனை அடைத்துக்கொண்டிருந்த பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டினார். மிஞ்சியதில் ஒரு மேண்டில் 2022-ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கடலில் போட்டது போக, அம்மாமார்கள் குப்பையில் போட்டது போக, பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் செருகிக் கிழித்தது போக, எவன் தொடாமல் வைத்திருந்தானோ அவனுக்குப் பணம்.

*

கார்டுக் கடைக்குப் பக்கத்து மேசையில் அறுபது வயதுக்காரர் ஒருவர் ஆல்பங்களை விரித்து வைத்திருந்தார். தீப்பெட்டி லேபிள்கள். ஆயிரக்கணக்கில். கிளி, மயில், யானை, சிறுத்தையோடு கட்டிப்புரளும் ஆள், கப்பல், சாவி, தாமரை, ராக்கெட், காந்தி, கால்பந்து. முகம் தெரியாத சினிமா நடிகை ஒருத்தி சிவப்பு வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத காகிதத்துக்குள் இத்தனை நிறத்தை எப்படி அடைத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அதற்குக் காரணம் இருக்கிறது. அம்மா பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். அந்தப் பக்கத்தில் யாரும் தீப்பெட்டித் தொழிற்சாலை என்று சொல்லமாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ். "எங்க அம்மா ஆபீஸ்ல வேல பாத்தாங்க" என்று சின்ன வயதில் நான் ஸ்கூலில் சொல்லி, டீச்சர் "எந்த டிபார்ட்மெண்ட்?" என்று கேட்டிருக்கிறார்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் 1827-ல் விற்கத் தொடங்கினார். பெட்டியின் பக்கவாட்டில் மருந்து தடவி அதில் மட்டும் உரசும் பாதுகாப்பான குச்சியை ஸ்வீடன்காரர்கள் கொண்டுவந்தார்கள். நம் நாட்டுக்குக் குச்சி ரொம்ப நாள் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில்தான் வந்தது. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. "யானை மார்க் குடுங்க" என்று படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். ஆகவே நம்மைப் பார்த்தே இராதவர்கள் நமக்காக யானையும் புலியும் சாமியும் வரைந்து அனுப்பினார்கள். ரவிவர்மாவின் அச்சுப்படங்கள் சுருங்கித் தீப்பெட்டிமேல் ஏறின. சரஸ்வதி படத்துக்குக் கீழே ஸ்வீடனில் செய்தது என்று போட்டிருக்கும்.

1922-ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டார்கள். குரோஸ் என்றால் 144 பெட்டி. வெளிச்சரக்கு விலை ஏறியதும் உள்ளூரில் செய்தால் லாபம் என்றானது. ஸ்வீடன் கம்பெனி சும்மா இருக்குமா? வரியைத் தாண்டி உள்ளேயே வந்து, 1923-ல் விம்கோ என்ற பெயரில் தொழிற்சாலை போட ஆரம்பித்தது. திருவொற்றியூரில் போட்டதுதான் இன்று சென்னை மெட்ரோவில் அறிவிக்கிறார்களே, விம்கோ நகர், அது. அதே சமயத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். 1922-ல் போய்த் தொழில் கற்றுக்கொண்டு, அடுத்த வருஷம் ஊரில் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள். மழை பெய்யாத கரிசல் பூமி. விவசாயத்துக்குச் சாபமான அந்த வறட்சிதான் மருந்து முக்கிய குச்சி காய்வதற்கு வரம். வேலை இல்லாத கைகளுக்கும் அங்கே குறைவில்லை.

பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்காக லித்தோ அச்சகங்கள் வந்தன. அச்சகம் வந்தபின் பட்டாசு லேபிள், காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை என்று இந்தியாவின் சுவர்களுக்கெல்லாம் படம் போட்டுக்கொடுக்கும் ஊராக சிவகாசி மாறியது. குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஒரு காலத்தில் ஜப்பான் நமக்கு யானை வரைந்து அனுப்பியதை நினைத்தால் அந்தப் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

*

"அம்மா, தீப்பெட்டி லேபிள். பூராம் ஒங்க ஊர்ச் சரக்கு," என்று சொல்லி உட்காரவைத்தேன். அவளுக்கு ஆல்பம் ஒரு நிறக்கலவையாகத்தான் தெரிந்திருக்கும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைச் சுருக்கி, பிறகு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"ஒண்ணக் கையில குடுங்க அண்ணாச்சி. பாத்துட்டுத் தாரேன்."

கடைக்காரர் யோசித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பாலிதீன் உறையிலிருந்து ஒரு கிளி லேபிளை உருவிக் கொடுத்தார். அம்மா படத்தைப் பார்க்கவில்லை. திருப்பினாள். கட்டைவிரலால் முதுகுப்பக்கத்தை ஒரு தடவு தடவினாள்.

"இது ஒட்டாத லேபிளு."

"கரெக்டா சொல்லிட்டீங்களேம்மா," என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அச்சாபீஸ்லருந்து நேரா வந்தது. பெட்டியே பாக்கல. ஒண்ணு அம்பது ரூவா. இந்தா, இந்தப் பக்கம் இருக்கறது பூராம் பெட்டியிலருந்து தண்ணியில ஊறவச்சு எடுத்தது. இது அஞ்சு ரூவா, பத்து ரூவா."

"ரெண்டும் ஒரே படந்தான?"

"ஒரே படந்தான். ஆனா பசை பட்டுருச்சுல்ல. கை படாத சரக்கத்தான் கலெக்டர்மாரு கேக்காக."

"கலெக்டருக்கு எதுக்கு அண்ணாச்சி தீப்பெட்டி?"

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் அம்மா கேட்டாள். குரலில் சண்டை இல்லை, கணக்குக் கேட்கிற குரல்தான்.

"அப்ப ஒட்டுனதுக்கு வெல கம்மி. ஒட்டாததுக்கு வெல கூட. அப்படியா?"

அவர் ஆமாம் என்றார். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு லேபிளைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, பேச ஆரம்பித்தாள். வீட்டில் அவள் இதைப் பேசியதே இல்லை. பேசியிருக்கலாம், நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன்.

எழுபதுகளின் கடைசி. வீட்டில் எல்லாரும் பெட்டி ஒட்டுவார்கள். மெல்லிய மரச்சில்லை மடக்கி, தாளைச் சுற்றி ஒட்டி, மேல்பெட்டி தனி, அடிப்பெட்டி தனி. பசை மைதாவில் காய்ச்சியது. பூச்சி அரிக்காமல் இருக்கவும், பசியில் பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடாமல் இருக்கவும் அதில் துத்தம் கலந்திருக்கும். அம்மாவுக்குப் பத்து வயது ஆனதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி ஆபீசுக்கு அனுப்பினார்கள். விடிவதற்கு முன்னால் பஸ் வரும். இருட்டில் பிள்ளைகளை எழுப்பி ஏற்றிவிடுவதற்கென்றே ஊருக்கு ஓர் ஆள் உண்டு. அங்கே அவளுக்கு வேலை லேபிள் ஒட்டுவது. குரோசுக்கு இத்தனை பைசா என்று கூலி.

"லேபிள எண்ணித்தான் குடுப்பான் கணக்குப்பிள்ள. நூத்தி நாப்பத்தி நாலு குடுத்தான்னா நூத்தி நாப்பத்தி நாலு பொட்டி திரும்பணும். கிழிஞ்சா நம்ம கணக்கு. டவுன்ல பயலுக பூராம் தீப்பெட்டிப் படம் சேப்பானுகளாம். எங்களுக்குப் படம் கெடையாது. எங்க கையிலதான் இருக்கும், ஆனா எங்களுக்குக் கெடையாது."

ஒருநாள் அவள் ஒன்றை எடுத்துவிட்டாள். கிளி இல்லை, மயில். பச்சை அவ்வளவு அழகாக இருந்ததாம். தூக்குச்சட்டி மூடிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவைத்தாள். அன்றைக்குக் கணக்கில் ஒரு லேபிள் குறைந்தது. பாட்டி அடிக்கவில்லை. ராத்திரி விளக்கைத் தூக்கிப் பிடித்து வீடு முழுக்கத் தேடி, மயிலை எடுத்து, "நாளைக்கு இத ஒட்டிட்டு வா" என்று அதே தூக்குச்சட்டியில் வைத்துக் கொடுத்தாள்.

"ஒட்டிட்டேன்," என்றாள் அம்மா. "எந்தப் பொட்டியில போச்சோ."

கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துக் கடைப் பையன் போகிமான் கார்டைத் துடைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

*

என் அம்மாவின் கை அங்கே போய்ச் சேர்ந்தது தற்செயல் இல்லை. ஏழ்மை மட்டும் காரணமும் இல்லை. அதற்கு ஒரு வரிக்கொள்கை இருந்தது. 1934-ல் பிரிட்டிஷ் அரசு உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் கலால் வரி போட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்ட வேண்டும். பேண்டரோல் என்று பெயர். ஒட்ட வேண்டிய காகிதம் இன்னொன்று கூடியது. சுதந்திரத்துக்குப் பிறகு வந்த அரசுகள் ஒரு நல்ல நோக்கத்தோடு வரியைப் பிரித்தன. மெஷினில் செய்கிற பெரிய கம்பெனிக்கு வரி கூட, கையால் செய்கிறவர்களுக்குக் குறைவு. நிறைய பேருக்கு வேலை கிடைக்கட்டும் என்பது எண்ணம். விம்கோவின் மெஷினோடு சிவகாசியும் சாத்தூரும் கோவில்பட்டியும் போட்டி போட்டு நின்றது இந்தச் சலுகையால்தான். கரிசல் காட்டில் பஞ்சத்தில் செத்திருக்க வேண்டிய எத்தனையோ குடும்பங்கள் பிழைத்ததும் இதனால்தான். இதைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் கைக்குச் சலுகை என்றால் மலிவான கைக்கு இன்னும் லாபம். பிள்ளைகளின் கையைவிட மலிவான கை எது? பிள்ளைகளை வேலைக்கு வைப்பதற்கு எதிரான சட்டம் 1938-லேயே வந்துவிட்டது. அதன் பட்டியலில் தீப்பெட்டித் தொழில் இருந்தது. கூடவே ஒரு விலக்கும் இருந்தது. குடும்பத்தாரின் உதவியோடு மட்டும் நடக்கும் பட்டறைக்கு அது பொருந்தாது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் தீப்பெட்டி இருந்தது, குடும்பத்துக்கான விலக்கும் இருந்தது. வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டிய பிள்ளைகளை எந்தச் சட்டமும் வேலையாள் என்று எண்ணவில்லை. 1990-ல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். சிவகாசிப் பிள்ளைகளுக்காக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அம்மா ஆபீசை விட்டு, கல்யாணமாகி, என்னைப் பெற்றுப் பல வருஷம் கழித்து வந்த தீர்ப்பு.

அதற்குள் லேபிளும் மறைய ஆரம்பித்திருந்தது. மரச்சில்லுப் பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்ததும் படத்தை அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள். ஒட்டுவதற்குத் தனியாக ஒரு காகிதம் தேவையில்லாமல் போனது. அப்புறம் லைட்டர் வந்தது. 2007-லிருந்து ஒரு ரூபாய்க்கு விற்ற பெட்டி, பதினாலு வருஷம் கழித்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அந்த இரண்டு ரூபாய்ப் பெட்டியின் பாட்டியைத்தான் நான் மண்டபத்தில் ஐம்பது ரூபாய் விலையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரசாங்கம் கைக்குச் சலுகை கொடுத்தது. சேகரிப்புச் சந்தை கை படாததற்குப் பணம் கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கைக்குச் சொந்தக்காரிக்கு என்ன கிடைத்தது என்பதற்கு எந்த ஆல்பத்திலும் பக்கம் இல்லை.

*

இருந்தாலும் சேகரிப்பவர்களைத் திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஆல்பத்தில் வைத்திருக்காவிட்டால் அம்மா அன்று பேசியிருக்கமாட்டாள். இரவு படித்ததில் எனக்குப் பிடித்துப்போன ஓர் ஆளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஜெஃபர்சன் பர்டிக். அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்தில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். பணக்காரர் இல்லை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிகரெட் சீட்டு, மிட்டாய்ச் சீட்டு, விளம்பரச் சீட்டு, தபால் அட்டை என்று மற்றவர்கள் தூக்கிப்போட்டதையெல்லாம் சேர்த்தார். எதற்கு என்ன பெயர் என்று உலகத்துக்கே தெரியாதபோது, எழுத்தும் எண்ணும் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தார். வாக்னர் சீட்டை இன்று டி206 என்று சொல்கிறார்களே, அந்தப் பெயர் பர்டிக் வைத்தது.

மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளை அவர் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்குச் சும்மா கொடுத்தார். கொடுத்ததோடு நிற்கவில்லை. முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போன நிலையில், வருஷக்கணக்காக மியூசியத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் ஆல்பத்தில் ஒட்டினார். ஆம், பசை போட்டு. கார்டுக் கடைப் பையன் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வான். கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள வாக்னர் சீட்டைக்கூட அப்படித்தான் ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசிச் சீட்டை ஒட்டி முடித்தார். மார்ச்சில் இறந்துபோனார். சந்தைக் கணக்கில் அவர் செய்தது நாசம். ஆனால் இனி யாரும் அவற்றைப் பிரித்து விற்க முடியாது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அவரைப் பற்றிப் படித்தபோது எனக்குக் கோணிய விரல்கள்தான் கண்ணில் நின்றன. ஒட்டுகிறவனுக்குத்தான் தெரியும், ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், ஒவ்வொன்றாகத்தான் முடியும்.

மண்டபத்திலிருந்து கிளம்பும்போது நான் ஐந்து ரூபாய் லேபிள் ஒன்றை வாங்கினேன். மயில் இருக்கிறதா என்று தேடினோம், இருந்தது, ஆனால் அம்மா சொன்ன மயில் அது இல்லையாம். கிளியே போதும் என்றாள். கடைக்காரர் காசு வேண்டாம் என்றார். அம்மா கட்டாயப்படுத்திக் கொடுத்தாள். ஐந்து மணிக்கு ரிப்போர்ட் வாங்கினோம், இடது கண்ணில் புரை, ஆபரேஷன் பண்ணலாம், அவசரமில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சொட்டு மருந்தின் மயக்கம் இறங்கியபின் அவள் அந்த லேபிளை முதன்முறையாகக் கண்ணால் பார்த்தாள். திருப்பி, பசை காய்ந்து பழுப்பேறிய முதுகையும் பார்த்தாள்.

"ஓரமெல்லாம் நல்லா அமுத்திருக்கா. சின்னப் பிள்ளதான்."

"எப்படிம்மா தெரியும்?"

"பெரியாளு இம்புட்டு அமுத்தாது. கணக்குப்பிள்ளைக்குப் பயந்து நாங்கதான் அமுத்துவோம்."

மறுநாள் அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சேகரிப்பவர்கள் செய்வதுபோல ஒரு சின்னச் சீட்டில் விவரம் எழுதினேன். படம்: கிளி. இடம்: கோவில்பட்டி வட்டாரம். நிலை: பெட்டியிலிருந்து எடுத்தது. ஒட்டியவர்: தெரியாது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"தெரியாதுன்னு எதுக்குய்யா எழுதுத? மாரியம்மா மக, இல்லன்னா செவனம்மா மக, இல்லன்னா நானு. எங்கள்ல ஒருத்திதான் ஒட்டிருப்போம்."